வெற்றிக்குப் பின் பேசப்படும் ஒற்றுமை

தேர்தல் முடிவு வெளியான இரவில் வென்றவர் மேடையேறிப் பேசும் பேச்சு ஒன்று உண்டு. எனக்கு வாக்களித்தவர்க்கும் அளிக்காதவர்க்கும் நான் பொதுவானவன்; கட்சிப் பகை இன்றோடு முடிந்தது; எதிர்த்து நின்றவரோடு கைகோத்து நாட்டை நடத்துவோம் என்பது அதன் சாரம். நாடு மாறினாலும் மொழி மாறினாலும் இச்சாரம் மாறுவதில்லை. பல மாதங்களாக வசைமொழிகளையே கேட்டுச் சலித்த நம் செவிக்கு அது கோடைமழைபோல் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்து அப்பேச்சை எவரேனும் நினைவூட்டினால், பேசியவரே சற்றுத் திகைத்துப் போவார்.

இவ்வகைப் பேச்சுக்குப் பிறந்தநாள் ஒன்று உண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது. அது 1801ஆம் ஆண்டு மார்ச் 4. இடம், பாதி கட்டியும் பாதி கட்டாமலும் கிடந்த வாஷிங்டன் நகரம். பேசியவர் தாமஸ் ஜெபர்சன். அன்று சொல்லப்பட்டது என்ன, அதன்பின் நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நமக்குப் பயன் தரும். தேர்தலில் தோற்ற கட்சி வென்ற கட்சியிடம் நாட்டின் தலைமையை ஒப்படைத்தது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல்முறை.

அன்றைய கட்சிகள் இரண்டு. ஜான் ஆடம்ஸ், அலெக்சாண்டர் ஹாமில்டன் முதலியோர் கூட்டாட்சிக் கட்சியினர். ஜெபர்சனும் ஜேம்ஸ் மாடிசனும் குடியரசுக் கட்சியினர். (இன்று அப்பெயரில் இருக்கும் கட்சி வேறு, அது 1854இல்தான் தோன்றியது.) ஆடம்ஸ் ஆட்சியில் 1798இல் நான்கு சட்டங்கள் நிறைவேறின. அவற்றுள் ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர் குடியுரிமை பெறக் காத்திருக்கவேண்டிய காலத்தை ஐந்து ஆண்டுகளிலிருந்து பதினான்கு ஆண்டுகளாக உயர்த்தியது. அயர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர்கள் எதிர்க்கட்சிக்கே வாக்களிப்பர் என்னும் அச்சம் அதன் பின்னால் இருந்தது. இன்னொன்று, அரசைப் பழித்து எழுதுவோரைச் சிறைக்கு அனுப்பியது. வெர்மான்ட் மாநிலத்தின் பிரதிநிதியான மாத்யூ லையன் அயர்லாந்தில் பிறந்தவர். குடியரசுத் தலைவரைக் குறைகூறி எழுதியதற்காக நான்கு மாதச் சிறையும் ஆயிரம் டாலர் தண்டமும் பெற்றார். அவருடைய தொகுதி மக்களோ, அவர் சிறையில் இருந்தபோதே அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்கிறோம்.

கத்தோலிக்கர் இப்பகையில் ஒரே பக்கம் நின்றதாக எண்ணவேண்டாம். விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் ஒரே கத்தோலிக்கரான சார்லஸ் கரோல் கூட்டாட்சிக் கட்சியைச் சார்ந்தவர். ஐரிஷ் குடியேறிகளில் பலர் மறுபக்கம். ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டவர்கள் வாக்குப்பெட்டியின் முன் பிரிந்து நின்றார்கள். அது குற்றமும் அன்று.

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் குழுவின் வாக்குகள் எண்ணப்பட்டபோது ஆடம்ஸ் 65 பெற்றுத் தோற்றிருந்தார். ஆனால் ஜெபர்சனும், துணைத் தலைவர் பதவிக்கென நிறுத்தப்பட்ட அவருடைய கட்சித் தோழர் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 பெற்றிருந்தனர். எவர் தலைவர், எவர் துணைத் தலைவர் என்று வாக்குச்சீட்டில் பிரித்து எழுதும் முறை அன்று இல்லை. ஆகவே முடிவு பிரதிநிதிகள் சபையிடம் போயிற்று. மாநிலத்துக்கு ஒரு வாக்கு, பதினாறு மாநிலங்கள், ஒன்பது கிடைத்தால் வெற்றி. தோற்ற கட்சியினர் ஜெபர்சனைத் தடுப்பதற்காகவே பர்ருக்கு வாக்களித்தார்கள். பிப்ரவரி 11 அன்று தொடங்கிய வாக்கெடுப்பு, எட்டு ஆறு என்றும், இரண்டு மாநிலங்கள் பிளவுபட்டன என்றும் திரும்பத் திரும்ப முப்பத்தைந்து முறை ஒரே கணக்கில் நின்றது. மேரிலாந்துப் பிரதிநிதி ஜோசப் நிக்கல்சன் கடுங்காய்ச்சலில் கிடந்தார். அவர் இல்லாவிட்டால் அம்மாநில வாக்கு பர்ருக்குப் போய்விடும். கொட்டும் பனியில் படுக்கையோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்து சபையை அடுத்த அறையில் கிடத்தினார்கள். மனைவி அருகிருந்து கையைத் தாங்க, அவர் ஒவ்வொரு முறையும் சீட்டெழுதினார். பிப்ரவரி 17 அன்று, முப்பத்தாறாம் முறை, வெர்மான்ட்டின் மற்றொரு பிரதிநிதி ஒதுங்கிக்கொள்ள, சிறை மீண்ட லையனின் தனி வாக்கே அம்மாநிலத்தின் வாக்காயிற்று. மேரிலாந்தின் கூட்டாட்சியினரும் வெற்றுச்சீட்டு இட்டார்கள். பத்து மாநிலங்களுடன் ஜெபர்சன் வென்றார்.

மார்ச் 4 அன்று விடியுமுன், நான்கு மணிக்கே, ஆடம்ஸ் பொதுமக்கள் பயணம் செய்யும் குதிரை வண்டியில் ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டார். (தமக்குப் பின் வந்தவரின் பதவியேற்பைக் காண நில்லாமல் போனவர்கள் பின்னாளிலும் உண்டு: 1829இல் அவருடைய மகன், 1869இல் ஆண்ட்ரூ ஜான்சன், 2021இல் டொனால்ட் டிரம்ப்.) ஜெபர்சனோ, தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்தே சென்றார். பதவி உறுதிமொழி செய்வித்தவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். ஜெபர்சனுக்குத் தூரத்து உறவினர், கூட்டாட்சிக் கட்சியினர், ஆடம்ஸ் போகிற போக்கில் நியமித்துச் சென்றவர். புதிய தலைவரின் குரல் மிக மெல்லியது. முன்வரிசைக்கு அப்பால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. எனினும் உரை முன்கூட்டியே அச்சாகியிருந்ததால் அன்றே ஊரெங்கும் பரவியது. கருத்து வேறுபாடு எல்லாமே கொள்கை வேறுபாடு ஆகிவிடாது. ஒரே கொள்கை உடைய உடன்பிறந்தாரை நாம் வெவ்வேறு பெயரால் அழைத்து வந்திருக்கிறோம். நாம் எல்லாரும் குடியரசினரே, எல்லாரும் கூட்டாட்சியினரே என்றார் அவர்.

நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அன்று காலை நண்பர் ஒருவருக்கு ஐயத்தோடு மடல் எழுதத் தொடங்கிய மார்ஷல், உரை முடிந்து வந்தபின் அதே மடலைத் தொடர்ந்தபோது, பேச்சு நன்கு சீர்தூக்கப்பட்டது, இணக்கம் நாடுவது என்று ஒப்புக்கொண்டார். எதிரியின் வாயிலிருந்து வந்த இச்சான்று பெரிது.

ஆனால் கையெழுத்துப் படியைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். அவ்விரு சொற்களையும் ஜெபர்சன் கட்சிப் பெயர்களுக்குரிய பெரிய எழுத்தில் எழுதவில்லை. சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். குடியரசு முறை, கூட்டாட்சி முறை என்னும் இரு கொள்கைகளையும் நாம் ஏற்கிறோம் என்பதுதான் அவர் கருதியது. செய்தித்தாள்கள் பெரிய எழுத்தாக்கின. நாடு அதைக் கட்சிகளின் நல்லுறவாகப் படித்துக்கொண்டது. வாக்குறுதியில் பாதியைப் பேசுபவர் தருகிறார், மீதியைக் கேட்பவரின் ஏக்கம் நிரப்பிக்கொள்கிறது போலும். அவ்வாண்டு அவர் எழுதிய மடல்களில் நோக்கம் இன்னும் தெளிவு: எதிர்க்கட்சியின் தலைவர்கள் திருந்தமாட்டார்கள்; ஆனால் அவர்களைப் பின்பற்றிய பெருங்கூட்டத்தைத் தம் பக்கம் கொண்டுவந்துவிட முடியும். கைகோப்பது என்று மேடையில் சொன்னதற்கு, அவர்களிடமிருந்து ஆட்களைப் பிரித்தெடுப்பது என்று மடலில் பொருள்.

அக்கரையும் சுத்தமாக இருக்கவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். தோற்றபின், பதவி இறங்கும் முன், கூட்டாட்சியினர் பதினாறு புதிய நீதிபதிப் பதவிகளைச் சட்டமியற்றி உண்டாக்கி, தம்மவரைக் கொண்டே நிரப்பினார்கள். நள்ளிரவு நீதிபதிகள் என்று மக்கள் எள்ளிச் சிரித்தார்கள். நியூ ஹேவன் துறைமுகச் சுங்கத் தலைவராக எலிசர் குட்ரிச் என்பவரை ஆடம்ஸ் நியமித்ததும் அந்தக் கடைசி நாட்களில்தான்.

புதிய ஆட்சி குட்ரிச்சை நீக்கி, ஏறத்தாழ எண்பது வயதை நெருங்கிய சாமுவேல் பிஷப் என்பவரை அமர்த்தியது. அவ்வூர் வணிகர்கள், எல்லாரும் ஒன்றே என்ற பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டு முறையீடு அனுப்பினார்கள். 1801 ஜூலை 12இல் ஜெபர்சன் எழுதிய பதில் படிக்கத் தக்கது. அரசுப் பதவிகள் முழுவதையும் ஒரே கட்சியினர் அடைத்துக்கொண்டிருக்கையில் மற்றவர்க்கு இடம் எப்படிக் கிடைக்கும்? இறப்பால் காலியாவது சில. தாமே விலகுவதால் காலியாவது ஒன்றுமில்லை என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அப்பதிலைப் படிக்கும்போது நமக்கே அவர் பக்கம் சாயத் தோன்றுகிறது. முறிக்கப்பட்ட வாக்குறுதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு நியாயமான கேள்வி இருப்பதுதான் சிக்கல்.

1802இல் அந்தப் பதினாறு பதவிகளும் ஒழிக்கப்பட்டன. செனட்டில் 16க்கு 15 என்ற ஒற்றை வாக்கு வேறுபாட்டில். ஒழிப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் விரைவில் வாய்திறக்காதபடி, அதன் அமர்வையே 1803 பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் தம் அமைச்சர் லிவை லிங்கனுக்கு எழுதிய மடலில், கூட்டாட்சிக் கொள்கையை உயிர்ப்பே இல்லாத பாதாளத்தில் அமிழ்த்தப்போவதாக ஜெபர்சன் குறிப்பிட்டார். சிக்கனமும் அமைதியும் கொண்ட நல்லாட்சியாலேயே அதைச் செய்வேன் என்றுதான் எழுதினார். அதை மறைப்பது முறையன்று. ஆயினும், நாம் எல்லாரும் கூட்டாட்சியினரே என்று சொன்ன நாவுக்கும் உயிர்ப்பற்ற பாதாளம் என்று எழுதிய கைக்கும் இடையே இருபது மாதங்கள்கூட ஆகவில்லை.

இவற்றுள் நம் மனத்தை மிகவும் உறுத்துவது நீதிபதி சாமுவேல் சேஸ் வழக்கு. இவரும் விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டவர். 1776இல் கனடா நாட்டுக் கத்தோலிக்கரின் ஆதரவை நாடி, பெஞ்சமின் பிராங்க்ளின், சார்லஸ் கரோல், பின்னாளில் பால்டிமோரின் முதல் ஆயரான ஜான் கரோல் அடிகளார் ஆகியோரோடு, உறைந்த ஏரிகளைக் கடந்து சென்றவர். நீதிபதியானபின் நாவடக்கம் இல்லாதவர். கட்சிப்பற்றை நீதிமன்றத்திலும் கழற்றி வைக்காதவர். 1803 மே மாதம் பால்டிமோரில் சான்றாயர் முன் பேசுகையில் புதிய ஆட்சியைச் சாடினார். செய்தி எட்டியதும், இது தண்டிக்கப்படாமல் போகவேண்டுமா என்று ஜெபர்சன் ஒரு பிரதிநிதிக்கு மடல் எழுதினார். தாம் இதில் தலையிடாமல் இருப்பதே நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். மடலைப் பெற்றவர் வேறு யாருமல்லர்: பனியில் படுக்கையோடு தூக்கிவரப்பட்ட அதே ஜோசப் நிக்கல்சன்.

பிரதிநிதிகள் சபை சேஸ் மீது குற்றம் சாட்டியது. செனட்டில் விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் துணைத் தலைவர் ஆரன் பர். சில மாதங்களுக்கு முன்தான், 1804 ஜூலையில், இருவர் போரில் ஹாமில்டனைச் சுட்டுக் கொன்றிருந்தார். முப்பத்து நான்கு செனட்டர்களில் இருபத்தைந்து பேர் ஆளுங்கட்சியினர். தண்டிக்க இருபத்து மூன்று வாக்குகள் போதும். 1805 மார்ச் 1 அன்று எட்டுக் குற்றச்சாட்டுகளில் எதற்கும் பத்தொன்பதுக்கு மேல் கிடைக்கவில்லை. ஆளுங்கட்சியினர் ஆறு பேர் எட்டிலும் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சேஸை அவர்கள் விரும்பியதாகத் தெரியவில்லை. நாவடக்கமின்மைக்காக ஒரு நீதிபதியைப் பதவியிறக்கினால், அடுத்து யாரை என்ற கேள்வி அவர்கள்முன் நின்றிருக்கவேண்டும். அவர்கள் ஒற்றுமையைப் பற்றி எந்த உரையும் ஆற்றவில்லை. அந்த ஆட்சிக்காலத்தில் கட்சி எல்லையைக் கடந்த செயல் எது என்று கேட்டால் நாம் இதையே காட்டுவோம்.

அப்படியானால் ஜெபர்சன் பொய்யரா? அப்படிச் சொல்ல நமக்கு மனமில்லை. அவர் பழைய சட்டத்தால் தண்டிக்கப்பட்டவர்களை மன்னித்தார். 1802இல் குடியுரிமைக்கான காலம் மீண்டும் ஐந்தாண்டு ஆயிற்று. ஹாமில்டன் நிறுவிய வங்கியை இடிக்கவில்லை. தோற்றவர் எவரும் கட்சியின் பெயரால் தூக்கிலேறவில்லை. அக்காலப் பிரான்சை எண்ணிப் பார்த்தால் அது சிறிய செய்தி அன்று. அவர் உள்ளத்தில் இருந்தது வஞ்சகத்தைவிட நுட்பமான ஒரு பிழை. தம் கட்சிதான் நாடு, மற்றது நாட்டைப் பிடித்த நோய். நோய் தீர்ந்தால் எல்லாரும் ஒன்றே என்று அவர் உண்மையாகவே நம்பினார். நீ என்னிடம் வந்துவிட்டால் நாம் இருவரும் ஒன்று என்பதை ஒற்றுமைக்கான அழைப்பாக அவர் நினைத்தார். தாம் எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்ற கணக்கு மட்டும் அவ்வுரையில் இல்லை. தேர்தலுக்குப் பின்வரும் பேச்சுகளைக் கேட்கும்போது அந்தக் கணக்கைத் தேடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் அது கிடைப்பதில்லை.

வாக்குறுதி முறிவதே தீமை, காக்கப்படுவதே நன்மை என்று முடிவு கட்டுவதற்கு முன் 1877ஆம் ஆண்டையும் பார்த்தாகவேண்டும். முந்திய ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டனுக்கு 184 வாக்குகள் கிட்டின. வெற்றிக்கு 185 தேவை. தெற்கின் மூன்று மாநிலங்கள் உட்பட இருபது வாக்குகள் தகராறில் இருந்தன. பதினைந்து பேர் கொண்ட ஆணையம் ஒவ்வொரு தகராறையும் எட்டுக்கு ஏழு என்று குடியரசுக் கட்சியின் ரதர்போர்டு ஹேஸுக்கே தீர்த்தது. எதிர்க்கட்சியினர் எண்ணிக்கையை முடக்கப்போவதாக மிரட்டினர். பிப்ரவரி 26 அன்று இருதரப்பாரும் வாஷிங்டனில் வோர்ம்லி விடுதியில் கூடிப் பேசினார்கள். அங்கே பேசியதுதான் முடிவைத் தீர்மானித்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் நடந்தது தெரியும். ஹேஸ் தலைவரானார். நாட்டுக்கு நன்கு பணிபுரிபவரே கட்சிக்கும் நன்கு பணிபுரிபவர் என்று பதவியேற்பு உரையில் சொன்னார். தென்னாட்டு ஜனநாயகக் கட்சியினர் ஒருவரை அமைச்சரவையில் சேர்த்தார். ஏப்ரல் மாதத்தில் தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் அரசு மனைகளைக் காத்து நின்ற படையினரைத் திரும்ப அழைத்தார். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது.

விலை கொடுத்தவர்கள் யார்? அடிமைத்தளை நீங்கிப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த கறுப்பின மக்கள். அவர்களின் வாக்குரிமையைக் காத்த கடைசி வேலி அந்தப் படையினர்தாம். வேலி போயிற்று, பின்னர் வாக்கும் போயிற்று, அச்சமின்றி வாக்களிக்க 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. பேச்சு நடந்த விடுதியின் உரிமையாளர் ஜேம்ஸ் வோர்ம்லி ஒரு கறுப்பினத்தவர் என்பதை வரலாற்றின் கசப்பான குறும்பு என்று சொல்லவேண்டும். கட்டடம் அவருடையது, மேசையில் அவருடைய மக்களுக்கு இருக்கை இல்லை. லூக்கா நற்செய்தியில், இயேசுவைத் தீர்ப்பிட்ட நாளில் பிலாத்துவும் ஏரோதும் பழம்பகை மறந்து நண்பர்கள் ஆனார்கள் என்று ஒரு குறிப்பு வருகிறது. நாம் அதைக் கேட்டும் கேளாமலும் கடந்துபோகிறோம். இருவர் கைகுலுக்கும்போது அவர்கள்முன் கட்டுண்டு நிற்கும் மூன்றாமவரை நற்செய்தியாளர் மறக்கவில்லை.

பின்வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1968இல் ரிச்சர்ட் நிக்சன், ஒஹாயோ மாநிலச் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறுமி ஏந்தியிருந்த அட்டையில் எங்களை ஒன்றுசேருங்கள் என்று எழுதியிருந்ததைத் தம் வெற்றி உரையில் நெகிழ்ந்து குறிப்பிட்டார். அவருடைய அலுவலகம் எதிரிகளின் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தது 1973இல் வெளிவந்தது. 2000இலும் 2008இலும் 2020இலும் வென்றவர்கள் ஒற்றுமையைப் பேசினார்கள். பிளவு ஆழமானதே தவிரக் குறையவில்லை.

1964இல் ஒன்று நடந்தது. இன வேற்றுமையை ஒழிக்கும் குடியுரிமைச் சட்டத்தைத் தென்னாட்டுச் செனட்டர்கள் மார்ச் இறுதியிலிருந்து பேசிப் பேசியே முடக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆளும் ஜனநாயகக் கட்சியினர். எதிர்க்கட்சியின் உதவியின்றி அத்தடையை உடைக்க வழியில்லை. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், பெருமை முழுவதையும் எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டிர்க்சனுக்கே விட்டுக்கொடுக்கும்படி தம் கட்சியின் ஹூபர்ட் ஹம்ஃப்ரியிடம் சொல்லிவைத்தார். டிர்க்சன் சட்டத்தின் வாசகங்களைத் திருத்தினார்; ஆதரித்தார். தேர்தல் அவ்வாண்டு நவம்பரில்தான். அதாவது இது வெற்றிக்குப் பின் பேசிய பேச்சு அன்று. வெற்றி யாருக்கு என்று தெரியாத காலத்துச் செயல். ஏப்ரல் 19 முதல் கத்தோலிக்க, பிரிவினை சபை, யூதக் குருமாணவர்கள் மும்மூவராக லிங்கன் நினைவகத்தின் முன் இரவு பகலாக நின்று செபித்தார்கள். ஜான் கரோல் ஆயர் நிறுவிய ஜார்ஜ்டவுனில் நடந்த பல்சமயக் கூட்டத்தில், அவருடைய இருக்கையில் அமர்ந்திருந்த பால்டிமோர்ப் பேராயர் லாரன்ஸ் ஷீஹன் பேசினார். ஜூன் 10 அன்று 71க்கு 29 என்று தடை உடைந்தது. 44 ஜனநாயகக் கட்சியினர், 27 குடியரசுக் கட்சியினர். மூளைக்கட்டியால் பேச்சிழந்திருந்த செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் உருட்டி வந்தார்கள். பெயர் அழைத்தபோது வாய் அசையவில்லை. ஆங்கிலத்தில் ஆம் என்பதற்குச் சபையில் வழங்கும் சொல்லும் கண் என்ற சொல்லும் ஒரே ஒலியுடையவை. அவர் விரலைத் தம் கண்ணுக்கு உயர்த்திக் காட்டினார். ஜூலை இறுதியில் இறந்துபோனார்.

நம் கதையின் முதல் இருவரிடம் திரும்புவோம். ஆடம்ஸும் ஜெபர்சனும் 1801க்குப் பின் பல ஆண்டுகள் ஏறக்குறையப் பேச்சற்று இருந்தார்கள். இருவருக்கும் நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இடைவிடாமல் முயன்று, 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸை முதலில் எழுதவைத்தார். வீட்டில் நெய்த துணி இரண்டு அனுப்புகிறேன் என்று ஆடம்ஸ் எழுதினார். பொதி வந்துசேருமுன் மடல் வந்துவிட்டது. ஜெபர்சன் அதை மெய்யாகவே துணி என்று எண்ணி, தம் ஊரில் கைநெசவு எப்படி நடக்கிறது என்று விரிவாகப் பதில் எழுதினார். பின்னர் வந்த பொதியில் இருந்தவை ஆடம்ஸின் மகன் எழுதிய நூலின் இரு தொகுதிகள். அந்தத் தவறான துணியிலிருந்து நட்பு மீண்டும் இழையோடத் தொடங்கியது. அப்போது இருவரிடமும் பதவியில்லை. வெல்லவேண்டிய தேர்தலும் இல்லை. பழைய சட்டங்களையும் பழைய வசைகளையும் அவர்கள் மூடி மறைக்கவில்லை. ஆடம்ஸ் சில வேளை சினந்தே எழுதினார். ஒருவர்க்கொருவர் தம்மை விளக்கிக்கொள்ளாமல் நாம் இருவரும் சாகக்கூடாது என்று 1813 ஜூலையில் அவர் எழுதினார். அந்த விளக்கம், இருவரும் ஒரே நாளில், 1826 ஜூலை 4 அன்று, கண்மூடும் ஆண்டு வரை நீடித்தது.